உளறலுக்கு உரை காணும் முறை

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தலைப்பு வழங்குவதில் விழாக் குழுவினர் ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள். எமக்கு முன் பேசிய புலவருக்குச் சிலப்பதிகாரத்தை அளித்தார்கள். எமக்குப் பின் பேசவிருக்கும் அம்மையாருக்குக் குழந்தை வளர்ப்பை அளித்திருக்கிறார்கள். எமக்கோ, "குடித்தவன் உளறும் சொல்லுக்குப் பொருள் காண்பது எப்படி?" என்னும் தலைப்பைத் தந்துவிட்டு, "நகைச்சுவையாகப் பேசுங்கள், ஆனால் பயனும் இருக்கட்டும்" என்று கட்டளையும் இட்டார்கள். "இதில் பேச எமக்கு என்ன தகுதி?" என்று வினவினோம். "நீங்கள் குடிப்பதில்லை, அதுவே தகுதி. குடிப்பவரை மேடை ஏற்றினால் அவர் தலைப்பிலும் நிற்க மாட்டார், தரையிலும் நிற்க மாட்டார்" என்றார்கள். நியாயமான விடை. ஏற்றுக்கொண்டோம்.

எல்லாச் சொற்களும் பொருள் உடையவையே என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அவர் காலத்திலும் கள் இருந்தது, கள்ளுண்டவனும் இருந்தான். ஆயினும், சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு விக்ரோலி நிலையத்தில் இறங்கி, இரண்டு பக்கச் சுவரையும் மாறிமாறித் தொட்டுக்கொண்டு வரும் ஒருவரின் சொல்லையும் அவ்விதி கட்டுப்படுத்துமா என்னும் ஐயம் எழலாம். கட்டுப்படுத்தும் என்பதே எமது கட்சி. அவர் வாயிலிருந்து வருவதும் சொல்தான். அதற்கும் பொருள் உண்டு. உரையாசிரியர் இல்லாமல் விளங்காது, அவ்வளவே. அந்த உரையாசிரியர் பெரும்பாலும் அவருடைய மனைவி.

இலக்கணம் கற்றோர், சொற்கள் புணரும்போது நேரும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பிரிப்பர். இம்மூன்றும் குடித்தவன் வாயில் ஒருங்கே நிகழ்கின்றன. இல்லாத எழுத்துத் தோன்றும். இருக்கும் எழுத்துத் திரியும். வேண்டிய எழுத்துக் கெடும். நான்காவதாகக் குடும்பமும் கெடும் என்பதை நன்னூலார் எழுதவில்லை, நாம் சேர்த்துக்கொள்ளலாம். இதற்குக் காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நாவையும் உதட்டையும் தாடையையும் ஓர் ஒழுங்கில் இயங்கச் செய்வது சிறுமூளை. மது இரத்தத்தில் ஏறியதும் அச்சிறுமூளை தன் கடமையில் தளர்கிறது. காலின் ஒழுங்கும் அதன் பொறுப்பிலேயே இருப்பதால், நா தடுமாறும் வேளையில் நடையும் தடுமாறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இது யாம் புனைந்த கதை. ஆகையால் யாரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க வேண்டா.

ஒரு காலனியில் ஒருவர். ஜூன் மாதத்து மழையிரவு. நனைந்துகொண்டே வந்து மாடிப்படியில் அமர்ந்து, "பிஸ்கட்லே... பிஸ்கட்லே..." என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். காலனி கூடிவிட்டது. திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், "முடிவிலே 'லே' வருது, கவனிச்சீங்களா? நம்ம ஊர்க்காரப் பய. 'ஏலே, பிஸ்கட் கொண்டா'ங்கான்" என்று தீர்ப்பளித்தார். இந்தி பயின்ற இளைஞர், "இல்லை தாத்தா, இந்தியில் 'பீஸ்' என்றால் இருபது. இருபது ரூபாய் கேட்கிறார்" என்றார். பக்தி மிகுந்த அம்மையார் ஒருவர், "இது செய்வினை, யாரோ மந்திரத்தை வாயில் ஏற்றிவிட்டார்கள்" என்று திருநீறு எடுக்க ஓடினார். இரக்கமுள்ள ஒருவர் ஒரு பொட்டலம் பிஸ்கட்டையே கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அவர் அதைப் பார்த்து ஓவென்று அழுதார். எட்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள் மட்டும் நிலைப்படியில் நின்றபடி மெல்லச் சொன்னாள்: "அப்பா, 'ஃபீஸ் கட்டலே'ன்னு சொல்றாங்க."

இலக்கண முறைப்படி நோக்குங்கள். 'ஃபீஸ்' என்பது ஆய்தம் இழந்து, நெடில் குறுகி, 'பிஸ்' ஆயிற்று. 'கட்டலே' என்பதன் நடுவில் எழுத்துக் கெட்டு, 'கட்லே' ஆயிற்று. இரண்டும் புணர்ந்து பிஸ்கட் ஆயிற்று. பள்ளிக்கென்று எடுத்துச் சென்ற பணம் வழியில் வேறிடத்துக் கட்டணமாகிவிட்டது என்பதே அச்சொல்லின் பொருள். அதுவரை சிரித்த காலனி அப்போது சிரிக்கவில்லை.

ஆகவே முதல் விதி இது: உளறலில் திரும்பத் திரும்ப வரும் சொல் எதுவோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெளிந்திருக்கும்போது சொல்ல அஞ்சிய ஒன்றை மயக்கத்தில் நா தேடிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் அந்த நேரத்திலேயே விசாரணை தொடங்க வேண்டா. திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. குடித்தவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போன்றது என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். பந்தத்தைக் காலை வரை வைத்திருங்கள். அவர் கரையேறிய பிறகு ஏற்றுங்கள்.

இரண்டாம் விதி, இடமறிந்து பொருள் கொள்ளல். ஊர் மாறினால் சொல்லின் பொருளும் மாறும். நாகர்கோவில் விரைவு வண்டியில் வந்து காலை வேளையில் தாதரில் இறங்கிய மாமாவிடம், இங்கேயே பிறந்து வளர்ந்த மருமகன், "வாங்க மாமா, முதலில் ஒரு கட்டிங் போடுவோம்" என்றானாம். மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் கட்டிங் என்றால் 180 மில்லிக் குவார்ட்டரில் பாதி. மும்பையில் கட்டிங் என்றால் அரைக் கிளாஸ் தேநீர். பாவம், மருமகன் கேட்டது இஞ்சி தட்டிப் போட்ட தேநீர்தான்!

'தண்ணி' என்னும் சொல்லும் அவ்வாறே. விடியற்காலையில், "தண்ணி வந்துடுச்சா?" என்று நம் பெண்மணிகள் கேட்டால் குழாயைக் குறிக்கும். இரவில், "தண்ணி வருது" என்றால் வீட்டுத் தலைவரைக் குறிக்கும். மேகம் கவிந்திருத்தலைக் குறித்த 'மப்பு' என்னும் நல்ல சொல், இன்று தலைக்குள் கவிந்திருப்பதைக் குறிக்கிறது. சென்னைத் தெருவில் வசையாக வழங்கும் 'கஸ்மாலம்' வடமொழியிலிருந்து வந்தது. பகவத் கீதையின் 2 ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைக் கண்ணன் குறிப்பது இச்சொல்லால்தான். 'பேமானி' என்பதோ பாரசீக, அரபுக் கூட்டான 'பே ஈமான்'. நேர்மையற்றவன் என்று பொருள். ஆகவே ஒருவர் குடித்துவிட்டு, "கஸ்மாலம், பேமானி" என்று திட்டினால், அவர் சமஸ்கிருதம், பாரசீகம், அரபு ஆகிய மும்மொழிகளில் உரையாற்றுகிறார் என்று பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, வீட்டில் அன்றாடம் பயன்படும் மூன்று தொடர்களுக்கு உரை சொல்வோம். "நான் ஸ்டெடியா இருக்கேன்" என்றால் சுவர் ஸ்டெடியாக இருக்கிறது என்று பொருள். "ஒண்ணே ஒண்ணுதான்" என்பதில் வரும் ஒன்று எண்ணுப்பெயர் அன்று. எத்தனை என்று எண்ணத் தெரியாத நிலையின் பெயர். "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்பதில் வரும் நாளை, காலப்பெயர்போல் தோன்றினாலும் எக்காலத்தையும் காட்டாது. இதையே ஒருவர் காலை எட்டு மணிக்குப் பல் துலக்கிவிட்டுச் சொன்னால் நம்பத் தொடங்கலாம்.

குடித்தவன் சொல் நம் முன்னோர்க்கும் புதிதன்று. கலம்பகம் என்னும் சிற்றிலக்கியத்தின் 18 உறுப்புகளில் 'களி' ஒன்று. கள்ளுண்டவன் கூற்றாகக் கள்ளைப் புகழ்ந்து பாடுவது அது. அதற்கும் முன்னே, 7 ஆம் நூற்றாண்டில், காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான். கதை நடப்பதும் காஞ்சியிலேயே. சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு குடித்துத் திரிகிறான். நா குழறித் தேவசோமையைச் 'சோமதேவை' என்று அழைத்துவிடுகிறான். உடனே அவள், "யார் அந்தச் சோமதேவை?" என்று பிடித்துக்கொள்கிறாள். பெயரின் இரண்டு பாதிகள் இடம் மாறியதால் ஒரு குடும்பப் பூசலே எழுகிறது. 1300 ஆண்டுகளுக்கு மேலாகியும் இக்காட்சியில் மாறியிருப்பது தெருவின் பெயர் மட்டுமே.

அந்த நாடகத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. காபாலிகனின் கபாலம், அதாவது அவன் உண்ணும் மண்டையோட்டுக் கலம், காணாமற் போகிறது. அவன் ஒரு பௌத்த பிக்குவைத் திருடன் என்று பற்றிக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் வழக்குத் தீர்க்க வருகிறான். பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், கலம் கிடைக்கவில்லை. கடைசியில் அது யாரிடம் இருக்கிறது? ஒரு நாயிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டு, பொருளற்றவற்றைப் பேசிக்கொண்டு வரும் பித்தன் கையில்! எல்லாரும் தேடியது, எவனுடைய பேச்சை யாரும் பொருட்படுத்த மாட்டார்களோ அவனிடமே இருந்தது. இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எமது மூன்றாம் விதிக்கு இது வேண்டும்.

அவ்விதியைச் சொல்லுமுன் நம் நகரத்து வரலாறு சிறிது. 1949 ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின்படி இங்கே மது அருந்த உரிமம் வேண்டும். விலக்குக் கடுமையாக இருந்த நாளில், உடல்நலத்துக்கு மது தேவை என்று சான்று காட்டி உரிமம் பெறும் வழியும் இருந்தது. உடல்நலம் இல்லை என்று மெய்ப்பித்தால்தான் உடல்நலத்தைக் கெடுத்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு அழகிய ஏற்பாடு! பின்னர் விலக்குத் தளர்ந்தது. 'பர்மிட் ரூம்' என்னும் பெயர்ப்பலகைகள் அந்தக் காலத்தின் எச்சமாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று; 1971 இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றி, 2003 இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே 'டாஸ்மாக்'. பெயரில் மது இல்லை. கடையில் மதுவைத் தவிர வேறில்லை.

விலக்கு இருந்தபோதும் தளர்ந்தபோதும் இந்நகரில் ஒரு தொழில் நிற்கவே இல்லை. 'ஹாத்பட்டி' என்று இங்கே சொல்லும் கள்ளச் சாராயத் தொழில்தான் அது. கை உலை என்று பொருள். விலை குறைவு என்பதால் கூலிக்குப் போகிறவர்கள் அதை நாடினார்கள். உலையில் வடித்தது போதாதென்று, தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனாலை அதில் கலந்து விற்கும் கொடியவர்களும் தோன்றினார்கள்.

பெரியோர்களே! 2004 ஆம் ஆண்டு டிசம்பரில், நாம் கூடியிருக்கும் இதே விக்ரோலியில், நச்சுச் சாராயம் 87 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2015 ஜூனில் மலாடு மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் நம் தாய்நாட்டுக் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்தவன் சொல்லைப் பற்றி விக்ரோலியில் பேச வந்தவர் இதைச் சொல்லாமல் இறங்கினால், அவரும் உளறிவிட்டு இறங்கினார் என்றே பொருள்.

மெத்தனாலின் வஞ்சகத்தைக் கேளுங்கள். நிறத்தாலும் மணத்தாலும் அதைப் பிரித்தறிய இயலாது. குடித்தவுடன் அது கொல்வதும் இல்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிவதும் இவ்வமிலத்தாலேயே. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்தே துன்பம் தொடங்கும். முப்பது மில்லி மெத்தனால்கூட உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஆகவே நடப்பது இதுதான். இரவில் வழக்கம்போல வருகிறார், வழக்கம்போல உறங்குகிறார். மறுநாள் வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது, மூச்சு வேகமாக ஓடுகிறது. அப்போது அவர், "கண்ணு மங்குது, எல்லாம் பனி மூடின மாதிரி இருக்கு" என்கிறார். வீட்டார் என்ன சொல்கிறார்கள்? "நேற்றுப் போட்டது இன்னும் இறங்கவில்லை. பேசாமல் படுங்கள்" என்று மோர் கொடுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். பல நாள் உளறலைக் கேட்டுப் பழகிய செவிக்கு அன்றைய மெய்ச்சொல்லும் உளறலாகவே கேட்கிறது. தேடிய கலம் பித்தன் கையில் இருப்பதை யாரும் பார்க்கவில்லை!

எனவே மூன்றாம் விதி: குடித்தவன் சொல்லும் ஆயிரம் சொல்லுக்கு எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளுங்கள்; "கண் தெரியவில்லை" என்னும் ஒரு சொல்லுக்கு மட்டும் உரை வேண்டா. அதன் நேர்ப்பொருளே பொருள். உடனே 108 ஐ அழையுங்கள். அல்லது கிடைத்த ஆட்டோவில் ஏற்றிக் காட்கோபர் ராஜாவாடி, சயான் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். என்ன குடித்தார், எங்கே குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். போலீசுக்கு அஞ்சி மறைக்கும் ஒரு மணி நேரம் அவருடைய கண்ணின் விலையாகலாம். மோரும் எலுமிச்சைச் சாறும் இந்நஞ்சை முறிக்கா. மாற்று மருந்துகள் மருத்துவரிடம் உள்ளன. இரத்தத்தைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் முறையும் உள்ளது. இன்னொரு கிளாஸ் ஊற்றினால் சரியாகும் என்று சொல்லும் நண்பரை வாசலிலேயே நிறுத்துங்கள். அவரும் அதே இடத்தில் குடித்திருந்தால், துன்பம் தோன்றாவிட்டாலும், அவரையும் அதே வண்டியில் ஏற்றுங்கள்.

இவ்விதிக்குக் கிளை விதிகள் இரண்டு. ஒன்று: நா குழறுபவர் எல்லாரும் குடித்தவர் அல்லர். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் சர்க்கரை குறைந்து வியர்த்து உளறுவதும் உண்டு. அவருக்கு நினைவிருந்து விழுங்கவும் முடிந்தால் சர்க்கரை நீர் கொடுக்கலாம். ரயில் நிலையத்துப் பலகையில் சாய்ந்து கிடக்கும் ஒருவரைப் 'பேவ்டா' என்று ஒதுக்கிவிட்டு நாம் வண்டி ஏறுகிறோமே, அவர் வாழ்நாளில் ஒரு துளியும் தொடாதவராக இருக்கக்கூடும்.

மற்றொன்று: பல்லாண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை கைநடுங்கி, இல்லாதவற்றைக் கண்டு உளறுவது உண்டு. "நிறுத்தினேன் என்றாரே, மறுபடியும் குடித்துவிட்டாரா?" என்று சினக்க வேண்டா. அது நிறுத்தியதால் வந்த உளறல், உயிருக்கு ஆபத்தானது, மருத்துவரிடம் காட்டுக. நிறுத்த விரும்புவோர் மருத்துவர் துணையோடு நிறுத்துவதே முறை. குடியை விட்டவர்களே கூடி ஒருவர்க்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பு 1935 இல் அமெரிக்காவில் தொடங்கியது; அதன் கூட்டங்கள் மும்பையிலும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, பெயரும் வெளியே போகாது.

தாய்மார்களே! தமிழில் 'குடி' என்பது ஒரே சொல். குடும்பத்துக்கும் அதுவே பெயர். குடும்பத்தைக் கெடுப்பதற்கும் அதுவே பெயர். ஒரு வீட்டில் இரண்டு குடிகளும் நெடுநாள் சேர்ந்து வாழ்ந்ததாக யாம் கேள்விப்பட்டதில்லை. குடிப்பவரை வெறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிரிக்கவும் உரிமை உண்டு. பல இரவுகளைக் கடக்கச் சிரிப்பே துணையாக இருந்திருக்கும். ஆனால் செவியை மட்டும் மூடிவிடாதீர்கள். இளைஞர்களே! உங்கள் மாடியில் ஒருவர் உளறிக்கொண்டு ஏறினால் கைப்பேசியில் படம் பிடிப்பதற்கு முன், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு கணம் கேளுங்கள். அண்ணாச்சிமார்களே! உங்களில் யாரேனும் இன்றிரவு விழா முடிந்து வேறு வழியாக வீடு செல்ல எண்ணியிருந்தால், அவ்வழியை மாற்றிக்கொள்ளுங்கள். விழாக் குழுவினர் பந்தியில் பாயசம் வைத்திருக்கிறார்கள். அதை எத்தனை கிளாஸ் அருந்தினாலும் உங்கள் சொல் உங்கள் சொல்லாகவே இருக்கும்.